டியூப் வாய் கழுவிய கதை

அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு வாய் இருந்தது. ஆடும் மாடும் பேசிப் பேசி அலுத்து ஓய்ந்த பிறகு, கடைசியாகப் பேச வந்தது அதுதான். அதுவும் ஒரு வாய் இல்லை. செயினுக்கு ஒன்று, பெல்லுக்கு ஒன்று, பிரேக் கட்டைக்கு ஒன்று. இத்தனை வாயில் உருப்படியாகப் பேசியது டியூப் மட்டும்தான்.

கருவேல முள்ளைத் தவிர வேறொன்றும் விளையாத ஓர் ஊரில், சாத்தையா என்பவனிடம் அப்படி ஒரு சைக்கிள் இருந்தது. அதைக் கடையில் கொண்டுபோய் விட அவனுக்கு மனசு வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் சாக்கை விரித்து, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவான். "எண்ணெய் காட்டி எத்தனை நாளாச்சு, கண்ணு இருக்கா உனக்கு?" என்று செயின் சண்டைக்கு வரும். பெல் தன்னைத் துடைக்கச் சொல்லி அலட்டும். டியூப் சுருக்கமாகச் சொல்லும்: "வால்வுக்கு நாலு விரக்கடை தள்ளி, ஒரு முள்ளு." கையை வைத்தால் முள் அங்கேதான் இருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ரப்பர் ஒட்டை வைத்து அழுத்திவிட்டு எழுந்துவிடுவான். ஒரு நாளும் அது பொய் சொன்னதில்லை.

ஒரு நாள் அவனுடைய அய்யாவுக்கு ரொம்பவும் முடியாமல் போயிற்று. மகள் குருவம்மாள் தனக்குப் பிடிக்காத வீட்டில் வாக்கப்பட்டுவிட்டாள் என்று மூன்று வருஷமாக அவள் பேரைக்கூட எடுக்காத மனுஷர். அன்று காலை கண்ணைத் திறந்து, "குருவு வரலையா?" என்றார். சாத்தையா சட்டென்று எழுந்தான். தங்கச்சி எட்டு மைல் தள்ளி இருக்கிறாள். போய்க் கூட்டிவந்துவிட வேண்டும், அதற்குள் அய்யா கண்ணை மூடிவிடக் கூடாது. வேறு நினைப்பே அவனுக்கு இல்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து சைக்கிளை எடுத்தான். காலைத் தூக்கிப் போடுகிற நேரம் பார்த்துப் பின் சக்கரத்து டியூப் சொன்னது:

"மூச்சு போய்க்கிட்டே இருக்கு. நீ திரும்பி வர்ற வரைக்கும் தாங்காது."

தன் காற்றைத்தான் அது சொன்னது. காற்றுக்கு அதன் பாஷையில் மூச்சு என்றுதான் பேர். ஆனால், கிளம்புகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்டாலே முகம் சுளிக்கிற ஊர் அது. உள்ளே ஒருவர் இழுத்துக்கொண்டு கிடக்கிறார். வாசலில் நின்ற பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். சாத்தையாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"வாயைக் கழுவு! கிளம்புற நேரத்துல என்ன பேச்சுப் பேசுற? இனிமே தண்ணியில வாயைக் கழுவாம ஒரு வார்த்தை பேசக் கூடாது, ஆமா!"

நாமும்தான் எத்தனையோ பேரை வாயைக் கழுவச் சொல்லியிருக்கிறோம். யார் கழுவினார்கள்? சைக்கிள் அப்படி இல்லை. திருப்பின பக்கம் திரும்பி, நிறுத்தின இடத்தில் நின்றே பழகிய பாவப்பட்ட ஜீவன். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டு டியூப் வாயை மூடியது.

போகும்போது ஒன்றும் தெரியவில்லை. குருவம்மாள் கொதித்த உலையை அப்படியே இறக்கி வைத்துவிட்டுக் கேரியரில் ஏறினாள். "என்னைக் கேட்டாராண்ணே? நெசமாவே கேட்டாரா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். நாலாவது மைலில் ரிம் தரையில் இடித்தது.

சாத்தையா டயரை நெம்பி டியூபை உருவினான். ஒட்டு இருந்தது, சொல்யூஷன் இருந்தது, பம்பும் இருந்தது. ஓட்டைதான் அகப்படவில்லை. காற்றடித்துக் காதில் வைத்துப் பார்த்தான். அனல் காற்றின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. எச்சிலைத் தொட்டுத் தடவலாம் என்றால் வெயிலில் வாய் வறண்டு எச்சிலும் ஊறவில்லை.

"எங்கேன்னு சொல்லு" என்றான். "நான் சொன்னது தப்புதான். சொல்லிரு. அய்யா காத்துக்கிட்டு இருக்காரு" என்று கெஞ்சினான்.

டியூபுக்கும் சொல்ல ஆசைதான். ஆனால் வாயைக் கழுவத் தண்ணீர் வேண்டுமே. இரண்டு வருஷமாக மழை காணாத கண்மாய் கண்ணுக்கெட்டிய தூரம் வெடித்துக் கிடந்தது.

"விடுண்ணே, நடந்திருவோம்" என்று குருவம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு இருவரும் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். ஊர் எல்லைக்கு வரும்போது சங்கு ஊதும் சத்தம் கேட்டது. அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இப்பத்தாம்மா போனாரு. கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாரு" என்றார்கள் வீட்டில். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

காரியம் முடிந்த மறுநாள், சாத்தையா சைக்கிளைக் கொண்டுவந்து வாசலில் கவிழ்த்தான். செயின் சண்டைக்கு வரவில்லை, பெல் அலட்டவில்லை. டியூபுக்கு நேர்ந்ததைப் பார்த்து அவையும் பயந்து போயிருந்தன. அண்டாவில் தண்ணீர் நிரப்பி, டியூபில் காற்றடித்து உள்ளே அமுக்கினான். டியூப் வாயைக் கழுவிக்கொண்டு பேச வந்தது. ஆனால் அடக்கி வைத்த பேச்சு உள்ளேயே மக்கிவிட்டிருந்தது. குமிழி குமிழியாகக் காற்றுதான் வந்தது.

குருவம்மாள் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். "என்னண்ணே சொல்லுது?"

"முள்ளு குத்துன எடத்தைச் சொல்லுது."

"அன்னைக்கும் இதைத்தான் சொல்ல வந்துச்சா?"

"ஆமா" என்றான். குமிழி வந்த இடத்தை விரலால் பொத்தினான்.

அன்று முதல்தான், நாம் கிளம்பும்போது டியூப் எதையும் சொல்வதில்லை. நடுவழியில் நின்றுபோய், தண்ணீர் தேடிப் பிடித்து அமுக்கிய பிறகுதான் வாயைத் திறக்கிறது.