அவரைக்கொடியில் பிறந்த பொன்னிறக் குஞ்சு

ஒரு தோட்டத்து வேலியில் அவரைக்கொடி ஒன்று படர்ந்திருந்தது. அதன் இளந்தண்டுகளில் கறுப்பு அசுவினிகள் அப்பிக்கொண்டிருந்தன. கடுகைவிடச் சிறிய பூச்சிகள் அவை. கொடியின் சாற்றை உறிஞ்சுவதும் குஞ்சு ஈனுவதும் தவிர அவற்றுக்கு வேறு தொழில் இல்லை. உறிஞ்சியதில் மிஞ்சியதை இனிப்புத் துளியாக வெளியே விடும். அந்தத் துளிக்காகவே கட்டெறும்புகள் அவற்றை மந்தையாக வைத்து மேய்த்து வந்தன.

மந்தைக்குப் பொறுப்பு கருமணி என்னும் கட்டெறும்பு. வேலையில் அதைக் குறை சொல்ல இடமில்லை. அசுவினிகளைத் தின்ன வரும் பொறிவண்டைக் காலில் கடித்து விரட்டும். வேலிக்கடியில் இருந்த புற்றில் எறும்புக் குழந்தைகள் வாயைத் திறந்தபடி கிடக்கும். கருமணி இறக்கி அனுப்பும் துளிகளை வாங்கி, செவிலி என்ற இளைய எறும்பு அவற்றுக்கு ஊட்டும். மழை தொடங்கினால் புற்றின் வாயை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டும். அதற்குள் குழந்தைகள் வயிறார உண்டு தேறியாக வேண்டும்.

ஒரு நாள் பிறந்த குஞ்சுகளுள் ஒன்று மட்டும் பழுப்பாக இருந்தது. அவ்வழியே போன வேற்றுப் புற்று எறும்புகள் நின்றுவிட்டன.

"இதைப் பார்! இப்படி ஒன்றை நான் எங்குமே கண்டதில்லை."

"யாருடைய மந்தை இது? வளர்த்தவள் கெட்டிக்காரியாகத்தான் இருக்க வேண்டும்."

கருமணி அதைக் கேட்டது. இத்தனை காலம் வெயிலிலும் பனியிலும் மேய்த்த கறுப்பு மந்தையை ஒருவரும் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. தானாகப் பிறந்த பழுப்புக்கு இவ்வளவு புகழா! அந்தப் புகழ் கருமணியின் தலைக்குள் புகுந்து அங்கேயே குடியேறிவிட்டது.

'பழுப்பின் வயிற்றில் வெளிர்பழுப்பு பிறக்கும். அதன் வயிற்றில் மஞ்சள் பிறக்கும். மஞ்சளின் வயிற்றில் பொன்னே பிறக்கலாம்!' என்று கணக்குப் போட்டது.

அன்றே வேலை தொடங்கியது. சாறு மிகுந்த நுனிக்கொழுந்துகள் பழுப்புக்கென்று ஒதுக்கப்பட்டன. கறுப்புகள் இடத்தை அடைத்தன. ஆகவே அவை கீழே தள்ளப்பட்டன. ஒரு குஞ்சு பிறக்கும். கருமணி அதைப் புரட்டிப் பார்க்கும். கறுப்பு என்றால் தள்ளும். அடுத்தது பிறக்கும். மறுபடியும் புரட்டல், மறுபடியும் தள்ளல்.

மந்தையின் மூத்த அசுவினி ஒரு நாள் தண்டிலிருந்து வாயை எடுத்துப் பேசியது.

"அம்மணி, இப்போது தள்ளினீர்களே, அது என் மகள்."

"தெரியும். கறுப்பு."

"நானும் கறுப்புதான்."

"அதைப் பற்றியும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றது கருமணி.

கீழே பொறிவண்டு இலை நிழலில் மல்லாந்து கிடந்தது. நல்ல சதை போட்டிருந்தது.

"அம்மணிக்கு வணக்கம். முன்பெல்லாம் ஒரே ஒரு அசுவினிக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி வருவேன். நீங்கள் காலைக் கடிப்பீர்கள். இப்போது நீங்களே பரிமாறுகிறீர்கள். ஒரு சிறு விண்ணப்பம் மட்டும் உண்டு. இன்னும் கொஞ்சம் இடப்பக்கமாகப் போட்டால் நான் எழுந்திருக்க வேண்டிய சிரமம் இருக்காது."

கருமணிக்கு அதை விரட்ட நேரமில்லை. அடுத்த பேறு தொடங்கிவிட்டது.

துளிகள் குறைந்தன. செவிலி புற்றிலிருந்து ஏறி வந்தது.

"அக்கா, குழந்தைகள் இளைத்துவிட்டன. துளி போதவில்லை."

"பொறுத்துக்கொள். பொன்னிறம் வரப்போகிறது."

"பொன்னிறம் தரும் துளி கூடுதலாக இனிக்குமா?"

"அப்படிச் சொல்ல முடியாது."

"துளி பெரிதாக இருக்குமா?"

"அதே அளவுதான்."

"பிறகு எதில்தான் வேறுபாடு?"

"நிறத்தில்! உனக்குச் சொன்னால் புரியாது. பார்த்தால்தான் தெரியும்."

"புற்றுக்குள் இருட்டு, அக்கா. அதுவும் போக, நம் குழந்தைகளுக்குக் கண்ணே கிடையாது."

"ரசனை இல்லாதவர்களோடு எனக்குப் பேச்சில்லை" என்று கருமணி திரும்பிக்கொண்டது.

கடைசியில் அந்தப் பொன்னிறக் குஞ்சு பிறந்தே விட்டது. காலை வெயில் பட்டதும் மஞ்சள் மணிபோல் மின்னியது. கருமணி அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. கொடியில் எஞ்சியிருந்த அசுவினிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எறும்புக்கு விரல் இல்லாததால் அது எண்ணவில்லை. மாறாக, பொன்னுக்குப் பக்கத்தில் இவை நின்றால் பொன்னின் பெருமை மங்குமே என்றுதான் அதற்குத் தோன்றியது. பழுப்புகளைத் தள்ளியது. வெளிர்பழுப்புகளையும் தள்ளியது. கடைசியாக மூத்த அசுவினியிடம் வந்தது.

"யோசித்து முடித்துவிட்டீர்களா, அம்மணி?" என்று கேட்டது மூத்த அசுவினி.

கருமணி அதையும் தள்ளியது.

இப்போது அவ்வளவு பெரிய கொடியில் பொன்னிறம் ஒன்றே இருந்தது. வேற்று எறும்புகள் வந்து நின்று வியந்தன; வியந்துவிட்டுத் தங்கள் தங்கள் மந்தைகளில் துளி கறக்கப் போயின. வானத்தில் மேகம் திரண்டது. பொன்னிறம் ஒரு துளி விட்டது. செவிலி அதை வாயில் ஏந்திக்கொண்டது.

"அக்கா, இருப்பது ஒரு துளி. இதை யாருக்கு ஊட்டுவது என்று நீங்களே வந்து சொல்லுங்கள்."

கருமணி வெகு நாளைக்குப் பிறகு புற்றுக்குள் இறங்கியது. குழந்தைகள் காலடி அதிர்வை உணர்ந்தன. கொழுத்துத் திரண்டிருந்தவை, இப்போது தோல் சுருங்கிக் கிடந்தன. தலை தூக்க முடிந்தவை தூக்கி வாயைத் திறந்தன. முடியாதவை திறக்கவில்லை. கருமணி ஒரு குழந்தையைக் காட்டியது. உடனே இன்னொன்றைக் காட்டியது. பிறகு எதையும் காட்ட முடியாமல் வெளியே ஓடியது.

'வரப்புக்கு அப்பால் எருக்கஞ்செடியில் செம்பி என்ற எறும்பு பெரிய மந்தை வைத்திருப்பதாகச் சொல்வார்கள். இந்த அற்புதத்தைக் கண்டால் பாதி மந்தையையாவது மாற்றிக் கொடுப்பாள்' என்று எண்ணியது. பொன்னிறத்தைத் தாடைகளில் மெல்லக் கவ்விக்கொண்டு விரைந்தது.

வரப்பின் நடுவில் எதிரே ஒரு செந்நிற எறும்பு வந்தது. அதன் வாயிலும் ஏதோ இருந்தது. இரண்டும் சுமையைக் கீழே வைத்தன.

கருமணி வைத்தது பொன்னிறம். மற்றது வைத்தது கன்னங்கரேலென்று ஒரு கறுப்பு அசுவினி.

"உனக்கு இது எங்கே கிடைத்தது?" என்றது கருமணி.

"கிடைத்ததா? தலைமுறை தலைமுறையாகத் தள்ளித் தள்ளிப் பெற்றேன்! எருக்கஞ்செடியில் பிறப்பதெல்லாம் மஞ்சள். கண்ணுக்கு ஓயாத மஞ்சள். அதில் இந்தக் கறுப்பு ஒன்றைக் காண நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றது செம்பி. பிறகு பொன்னிறத்தைப் பார்த்து, "இதை எதற்குத் தூக்கிக்கொண்டு திரிகிறாய்?" என்று கேட்டது.

கருமணி செம்பியின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது.

"உன் மற்ற மந்தை எங்கே?" என்றது மெல்ல.

செம்பி மண்ணைப் பார்த்தது. "உன்னிடம் பாதி வாங்கலாம் என்றுதான் வந்தேன். உன் மந்தை எங்கே?"

கருமணியும் மண்ணைப் பார்த்தது.

வரப்போரப் புல்லிலிருந்து ஒரு குரல் வந்தது. பொறிவண்டுதான். "எருக்கின் அடியில் என் தம்பி குடும்பத்தோடு இருக்கிறான். நீங்கள் இருவரும் நீடூழி வாழ வேண்டும் என்று அவனும் நாள்தோறும் வாழ்த்துகிறான்."

பழைய நிறம்தான் தன் செடியில் தழைக்கும் என்று ஒவ்வொன்றும் நினைத்தது. இரு எறும்புகளும் சுமையை மாற்றிக்கொண்டன. செம்பி மஞ்சளை எடுத்தது. கருமணி கறுப்பை எடுத்தது. அரும்பாடுபட்டு ஒழித்ததை அரும்பாடுபட்டு வீட்டுக்குக் கொண்டுபோயின.

பாதி வழியில் முதல் மழைத்துளி விழுந்தது. கருமணி புற்றுக்குள் நுழைந்ததும் செவிலி வாயிலை மண்ணால் அடைத்தது. அவரையின் வேர் ஒன்று புற்றுக்குள் நீண்டிருந்தது. அதில் கறுப்பு அசுவினியை ஒட்ட வைத்துவிட்டுக் கருமணி பக்கத்திலேயே நின்றது. பொன்னிறமும் இதே வேரில் இதே சாற்றைக் குடித்திருக்கும் என்பது அப்போதுதான் அதன் அறிவுக்கு எட்டியது.

இருளில் அசுவினி குஞ்சு ஈன்றது. அந்தக் குஞ்சு வளர்ந்து தானும் ஈன்றது. அதற்குள் குழந்தைகளில் பலவற்றின் உயிர் அடங்கிவிட்டது. மிஞ்சியவற்றைச் செவிலி வேரின் அருகே வரிசையாகக் கிடத்தியது.

"அக்கா, புதிய குஞ்சு என்ன நிறம்?" என்று கேட்டது. கேலி செய்ததா, உண்மையாகவே கேட்டதா என்று அறிய அந்த இருட்டில் முகம் தெரியவில்லை.

"தெரியவில்லை" என்றது கருமணி.

"துளி விடுகிறதா?"

"விடுகிறது. முதலில் அந்தக் கடைசிக் குழந்தைக்குக் கொடு."

அன்பர்களே, அரிதானது என்று பிறர் வியப்பதற்காக அன்றாடம் நமக்குச் சோறு போடுவதைத் தள்ளிவிடுகிறவன், ஒரு நாள் அந்தச் சாதாரணத்தையே அரிய பொருளாகத் தேடி அலைவான்.