ஒழுகாத படகு

கடலில் குடியிருக்கக் கற்றுத்தரும் சவேரியம்மாவுக்கு நாற்பது வயது. அந்த வருஷம் அவரிடம் இரண்டு பேர் வந்தார்கள்.

முதலில் வந்த கோட்டைச்சாமிக்கு ஐம்பத்து மூன்று. லாரி ஆபீசில் பில் எழுதியே நரைத்தவர். வீட்டை மகளுக்கு விட்டுவிட்டு, யாரோ ஓட்டிச் சலித்த பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, இனி இதுதான் வீடு என்று பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார். நாலு நாள் கழித்து தனிஸ்லாஸ் வந்தான். இளவட்டம். அவன் படகு இன்னும் பழசு.

காற்று திரும்பியதும் சவேரியம்மா, கற்க வந்தவர்களில் ஒருவருடைய படகில் ஏறித் தீவுக்குப் போவார். பாய் பிடிக்கும் வித்தை அந்தப் பயணத்தில்தான் கிடைக்கும். மற்றவர் அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டும். முதலில் வந்தது நான், முதலில் போவதும் நான் என்று கோட்டைச்சாமி மனதுக்குள் முடிவு கட்டியிருந்தார்.

மணலில் கிடந்து காய்ந்த இரண்டு படகையும் சவேரியம்மா தட்டிப் பார்த்தார்.

"காஞ்ச மரம். கரையோரத் தண்ணியில நாலு நாள் முழுக வையுங்க. பலகை ஊறி உப்பட்டும். அப்புறம் இடுக்குல பஞ்சு அடைக்கலாம்."

தனிஸ்லாஸ் படகை முழுகவிட்டு, கரையில் குந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். குடிவந்த வீட்டை முழுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறானே என்று கோட்டைச்சாமிக்குச் சிரிப்பு வந்தது. நாலு நாளை வீணாக்க அவருக்கு மனசில்லை. காய்ந்த பலகை இடுக்கிலேயே பஞ்சை அடித்துத் திணித்தார். மேலே நீலப் பெயிண்ட் பூசி மிதக்கவிட்டார்.

"ஒழுகுதா அண்ணே?" என்று சவேரியம்மா கேட்டார்.

"ஒரு சொட்டு இல்லம்மா."

அன்றைக்கு அது உண்மைதான். மூன்றாம் நாள் பலகைகள் ஊறி உப்பி, பஞ்சைப் பிதுக்கி வெளியே தள்ளின. தரைப்பலகைக்கு அடியில் தண்ணீர் ஏறியது. கோட்டைச்சாமி யாரிடமும் மூச்சுவிடவில்லை. தினமும் மத்தியானம் எல்லாரும் கண்ணசரும் நேரம் பார்த்து, ஒரு தகர டப்பாவால் சத்தமில்லாமல் இறைத்து ஊற்றினார்.

சாயங்காலமானால் சவேரியம்மா தனிஸ்லாஸ் படகுக்குப் போய்விடுவார். ஊற வைத்து அடைத்தும் அதில் ஓரிடத்தில் கசிவு நிற்கவில்லை. இரண்டு பேரும் இறைப்பார்கள், டீ குடிப்பார்கள், எதற்கோ சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்கக் கேட்கக் கோட்டைச்சாமிக்கு வயிறு எரிந்தது. அந்தப் படகு அப்படியே முழுகித் தொலையட்டும் என்றுகூட ஒருநாள் நினைத்தார். நினைத்ததற்கு வெட்கப்பட்டார், ஆனாலும் நினைப்பு போகவில்லை.

சவேரியம்மா வந்தால் உட்காரப் புதுக் கோரைப்பாய் வாங்கி விரித்தார். கணவாய் வறுத்தார்.

"அம்மா, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க."

"உங்க படகுக்கு என்னண்ணே, நல்லாத்தான இருக்கு. அங்க தண்ணி நிக்குது" என்று சவேரியம்மா தாண்டிப் போனார்.

காற்று திரும்பியது. சவேரியம்மா தன் துணிமூட்டையைத் தனிஸ்லாஸ் படகில் வைத்தார்.

கோட்டைச்சாமி முழங்கால் தண்ணீரில் வேகமாக நடந்து வந்தார்.

"மூணு மாசமா என் படகுல நீங்க கால்கூட வைக்கல. ஒழுகுற படகுல ஏறுறீங்க. அவன்கிட்ட அப்படி என்ன இருக்கு?"

"பொறாமையா அண்ணே?"

"ஆமா. பொறாமைதான்."

சவேரியம்மா இறங்கி, நீலப்படகில் வந்து ஏறினார். கோட்டைச்சாமிக்கு ஒரு கணம் மனசு குளிர்ந்துபோனது. சவேரியம்மா புதுப்பாயில் உட்கார்ந்து, அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்த தகர டப்பாவை எடுத்தார்.

"இது எதுக்கு?"

"அரிசி அளக்க."

"அரிசி அளக்குற டப்பாவுல உப்புப் பூத்திருக்கே."

கோட்டைச்சாமி கடலைப் பார்த்தார்.

"தனிஸ்லாஸ் படகு எங்க ஒழுகும்னு எனக்குத் தெரியும்ணே. அதனால தைரியமா ஏறுறேன். உங்க படகு எங்க ஒழுகும்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

கோட்டைச்சாமி அவரை நகரச் சொல்லிப் புதுப்பாயைச் சுருட்டினார். ஒரு பலகையைத் தூக்கினார். அடியில் தண்ணீர் முழங்கை ஆழம் நின்றது.

"இங்கதாம்மா. இன்னும் ரெண்டு இடம் இருக்கு."

"பயணம் இந்தத் தடவை அவனோடதான். வந்ததும் இதை முழுக வைப்போம்."

"சரிம்மா" என்றார் கோட்டைச்சாமி.

சவேரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பலகைக்கு அடியில் நின்ற தண்ணீரை டப்பாவால் இறைக்கத் தொடங்கினார்.

"இப்ப டீ போடுங்கண்ணே."