தரையோர் சபையில் வெட்டிய பள்ளம்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சிலருக்குக் கோபம் வரும் ஒரு நாட்டில், அரசர் வெறுந்தரையில் உட்கார்ந்து ஆட்சி செய்தார். சும்மா இல்லை, சபதம் எடுத்துக்கொண்டுதான்.

அந்தச் சபதம் சந்தையில் பிறந்தது. எண்ணெய் விற்ற பூவாயியும் கூத்தாடிப் பிழைத்த மாரப்பனும் தொடங்கி வைத்தார்கள். யாரும் யாரையும் அண்ணாந்து பார்க்கக் கூடாது என்பது அவர்கள் ஆசை. அதனால், 'தரைக்கு மேல் ஒரு விரற்கடைகூட உயர்ந்து உட்காரமாட்டேன்' என்று சபதம் எடுத்துக்கொண்டார்கள். தரையோர் என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. ஊரே சேர்ந்தது. ஊர் சேர்ந்ததால் அரசர் சேர்ந்தார். அரசர் சேர்ந்ததால் அமைச்சர்கள் முண்டியடித்துக்கொண்டு சேர்ந்தார்கள். மாரப்பன் அரண்மனை விகடகவி ஆனான். சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத அமைச்சர் சீராளர், தரையோர் தலைவர் ஆனார். பூவாயி எண்ணெய்தான் விற்றாள்.

ஒருநாள் அயல்நாட்டுத் தூதுவன் வந்தான். தரையில் இருந்தவர்களில் நல்ல தொந்தியாகப் பார்த்துக் கும்பிட்டான். அந்தத் தொந்தி சமையற்காரருடையது. அரசரின் முகம் கறுத்துவிட்டது.

"சபதமும் முறியக் கூடாது. சபையோர் எம்மை அண்ணாந்து பார்க்கவும் வேண்டும். வழி சொல்லுங்கள்" என்றார்.

முதல் தரையோன் என்று ஊர் மாரப்பனைக் கொண்டாடுவதில் சீராளருக்கு வயிற்றெரிச்சல். சமயம் வாய்த்தது.

"பிரபு, சபதத்தை உண்டாக்கிய விகடகவியே செய்து காட்டட்டும். சிம்மாசனம் போட்டால் சபதம் முறித்த குற்றம். முடியாதென்றால் அரசாணை மீறிய குற்றம். இரண்டுக்கும் நாடு கடத்தல்தான் தண்டனை" என்றார். அந்தச் சட்டத்தை எழுதியதும் அவரேதான்.

அரசர் மூன்று நாள் தவணை கொடுத்தார்.

"முடியாதுன்னு சொல்லிட்டு வந்துரு மாரப்பா" என்றாள் பூவாயி. "தொரத்தினா தொரத்தட்டும். வேற ஊர்லயும் தரை இருக்கு."

"நீ சும்மா இரு. அவங்க மூஞ்சியில கரியப் பூசிட்டு வரேன் பாரு" என்றான் அவன்.

மூன்றாம் நாள் சபைக் கதவு திறந்தது. அரசர் உட்காரும் இடம் அப்படியே இருந்தது. மற்ற இடமெல்லாம் பள்ளம்.

"பிரபு, தாங்கள் ஒரு விரற்கடையும் உயரவில்லை. நாங்கள்தான் இறங்கிவிட்டோம். அவரவர் பணிவுக்கேற்ற ஆழம். பணிவில் நம் சீராளரை மிஞ்ச ஆளில்லை. ஆகவே அவருக்கு ஆளுயரப் பள்ளம்" என்றான் மாரப்பன்.

சீராளரைக் கையைப் பிடித்து இறக்கினார்கள். தலைப்பாகை மட்டும் வெளியே தெரிந்தது. "அருமை, அருமை" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பள்ளத்தைப் பார்த்து அரசர் வெட்கப்படுவார், எழுந்து தானும் இறங்கி வருவார் என்று மாரப்பன் நம்பியிருந்தான். ஒவ்வொரு கூடை மண்ணையும் அந்த நம்பிக்கையில்தான் அள்ளினான். அரசரோ கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"சபாஷ்! நாடு முழுவதும் எல்லாச் சாவடியிலும் இப்படியே வெட்டுங்கள். விகடகவி, உனக்கு எம் பக்கத்திலேயே, வெட்டாத தரையில் இடம்!"

வேண்டாம் என்று சொல்லத்தான் மாரப்பன் வாயெடுத்தான். "பிரபுவின் கருணை" என்று வந்தது.

மறுநாள் பூவாயி சபைக்கு வந்தாள். பள்ளத்தில் இறங்கி நின்று அவனை அண்ணாந்து பார்த்தாள்.

"சபதம் முறியலையே, மாரப்பா? தரையிலதானே உக்காந்திருக்கே?"

"தரைதான், பூவாயி."

"அப்ப சரி" என்று ஏறிப் போய்விட்டாள். அவளோடு எழுந்து போய்விடத்தான் அவன் நினைத்தான். கால் மடங்கியது மடங்கியபடியே இருந்தது.

"யார் அவள்? என்ன சொன்னாள்?" என்று அரசர் கேட்டார்.

மாரப்பன் அவள் குரலிலேயே, அவள் அண்ணாந்து பார்த்த மாதிரியே நடித்துக் காட்டினான். அரசர் விழுந்து விழுந்து சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

அந்த நாட்டில் சபதம் இன்றுவரை முறியவில்லையாம். மழைக்காலத்தில் மட்டும் கீழே இருப்பவர்களுக்கு முழங்காலளவு தண்ணீர் நிற்கிறதாம்.