இருவாச்சி வீட்டுச் சுவர்

மலையடிவாரத்தில் ஒரு பெரிய ஏரி. அதன் கரையில் குட்டியாய் ஓர் ஊர். அங்கே வசித்த முக்குளி என்ற நீர்நாயைப் பார்க்க, டவுனிலிருந்து குருணை என்ற அணில் வந்தாள்.

வந்ததும் வராததுமாக ஏரிக்கரை முழுக்க ஓடினாள். படகுகளில் ஏறிக் குதித்தாள். காயப்போட்ட வலையில் வால் சிக்கிக் கத்தினாள். அப்படி ஒரு துறுதுறுப்பு!

"ஏரி பார்த்தாச்சு. அடுத்து என்ன அண்ணா?"

"பக்கத்திலேயே பழங்காடு இருக்கு. நம்ம கொள்ளுத்தாத்தாக்களுக்கும் மூத்த மரங்க! கொஞ்சம் பொறும்மா, சாப்பிட்டுட்டு நானும் வரேன்" என்றான் முக்குளி.

பொறுமையா? அவளுக்கா? ஒரே ஓட்டம்!

காட்டில் ஒரு பிரம்மாண்டமான மரம். உச்சியில் இருந்த பொந்தை யாரோ மண் பூசி அடைத்திருந்தார்கள். ஒரு சின்ன இடுக்கு வழியாகப் பெரிய அலகு ஒன்று எட்டிப் பார்த்தது. குருணை உச்சிக்கே தாவி ஏறினாள்.

"அடப்பாவமே! எந்தப் பாவி உங்களை உள்ளே வச்சுப் பூசினான்? பயப்படாதீங்க அக்கா, நான் இருக்கேன்!"

"ஐயோ, வேண்டாம்டி! நானேதான்..."

யார் காதில் விழுந்தது? கறுக்மொறுக்கென்று கடித்துச் சுவரையே தள்ளிவிட்டாள்.

"ம், பறந்து போங்க!"

"எங்கே பறக்க? நாங்க இருவாச்சிப் பறவைகள். குஞ்சு பொரிக்க இப்படித்தான் உள்ளே அடைஞ்சுக்குவோம். இறகெல்லாம் உதிர்ந்து கிடக்கு. அந்தச் சுவர்தான்டி எங்களுக்குக் காவல்!" இருவாச்சி அழுதேவிட்டாள். அவள் மடியில் இரண்டு குஞ்சுகள் நடுங்கின.

அதற்குள் வாசனை பிடித்து ஓர் உடும்பு மரமேறத் தொடங்கியது.

குருணை நினைத்திருந்தால் தப்பி ஓடியிருக்கலாம். ஆனாலும் ஓடவில்லை. அதன் மூக்குக்கு நேரே வாலை ஆட்டினாள்.

"ஏய் தடிமாடு! முடிஞ்சா என்னைப் பிடி பார்க்கலாம்!"

உடும்புக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மெல்லிய கிளை நுனிவரை துரத்தியது. குருணை அடுத்த கிளைக்குத் தாவினாள். கிளை முறிந்து, உடும்பு முள்புதரில் தொபுக்கடீரென்று விழுந்து, எழுந்து ஓடியே போய்விட்டது!

பின்னாலேயே வந்த முக்குளி தலையில் அடித்துக்கொண்டான். "என்னம்மா பண்ணி வச்சே!"

அவன் ஏரிச்சேற்றைக் கரையிலிருந்து கொண்டுவந்தான். குருணை அதை வாயில் கவ்விக்கொண்டு நூறு தரம் மரமேறினாள். இருவாச்சி உள்ளேயிருந்து பூசினாள். சாயங்காலத்துக்குள் சுவர் எழும்பிவிட்டது.

இடுக்கு வழியாக இருவாச்சி சிரித்தாள். "அடுத்த தடவை கதவைத் தட்டிட்டு வாடி, கண்ணு!"

"கதவே இல்லையே அக்கா?"

"வாய் இருக்குல்ல? கேளு! காது இருக்குல்ல? பதிலையும் கேளு!"

நல்லது செய்வதாக இருந்தாலும், போன இடத்தில் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்புறம்தான் கை வைக்க வேண்டும்.