நீலக்கொடி ஏறாத நாள்

“என் கையில நாற்பத்தொரு கப்பல் இருக்கும்மா. எதுவும் என் பேச்சைக் கேக்கறதில்லை,” என்றார் தளபதி மருதவாணன்.

இருளாயி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

கருமணல் ஆற்றுமுகத்தில் வழிகாட்டும் தொழில் அவளுக்கு. வெளியூர்க் கப்பல் எதுவானாலும் அவள் ஏறிவந்தால்தான் மணல்திட்டுகளைத் தாண்டித் துறைக்குள் வரும். அந்தக் கப்பல்களில் ஒன்றும் அவளுடையது இல்லை. ஒன்றிலும் அவளுக்குப் பதவி இல்லை. ஆனாலும் அவள் விரல் காட்டிய பக்கம் சுக்கான் திரும்பும்.

தளபதியைவிட அவள் பத்து வயது இளையவள். மாலுமிகளில் பாதிப் பேர் அவளை ஞானி என்பார்கள். மீதிப் பேர் வாய்த்துடுக்குக்காரி என்பார்கள்.

“கேக்காம என்ன செய்யுது?” என்றாள்.

“அஞ்சு துறை ராஜாக்கள் சேர்ந்து கொடுத்த படை இது. கப்பலோட கப்பலா ஒவ்வொரு ராஜாவும் ஓர் ஓலையும் கொடுத்திருக்கார். எதைச் செய்யக்கூடாதுன்னு எழுதின ஓலை. அதைக் காக்கறதுக்கு ஓர் ஆள். நான் செங்கொடி ஏத்தினா தாக்கணும். ஓலைக்கு ஒத்துவரலேன்னா அந்த ஆள் நீலக்கொடி ஏத்துவான். ஏத்திட்டா என் உத்தரவு அந்தக் கப்பலைக் கட்டாது.”

“இந்த ஏற்பாட்டுக்கு யார் ஒத்துக்கிட்டது?”

“நான்தான். இல்லேன்னா படையே சேர்ந்திருக்காது.”

“எத்தனை நீலக்கொடி ஏறிச்சு?”

“முதல் தடவை பத்து. ரெண்டாந்தடவை இருபத்திரண்டு.”

“வளருது,” என்றாள் இருளாயி.

தளபதிக்குச் சிரிப்பு வரவில்லை.

பூவந்தித் தீவை வடகரை அரசன் மூன்று மாதமாக முற்றுகையிட்டிருந்தான். தீவுக்குப் போக ஒரே வழி இரட்டைப்பாறை நீரிணை. அங்கே அவன் கப்பல்கள் நின்றன. தீவில் இன்னும் இருபது நாளுக்குத்தான் அரிசி இருந்தது. அதற்குள் நெல் போய்ச் சேராவிட்டால் தீவு பணியும். இரண்டு முறை நீரிணைக்குப் போன கூட்டுப்படை, இரண்டு முறையும் ஒரு மூட்டைகூட இறக்காமல் திரும்பிவிட்டது. இப்போது நெல் ஏற்றிக்கொள்ளத்தான் கருமணலுக்கு வந்திருந்தது.

“அந்த நீலக்கொடியை எப்படி இறக்கறதுன்னு சொல்லுங்க,” என்றார் தளபதி. “வேற எதுவும் எனக்கு வேண்டாம்.”

இருளாயி கலயத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

“எனக்கு வேலை கிடக்கு. வர்றதுன்னா வாங்க.”

*

அவள் முதலில் ஏறியது தரூக்கின் கப்பலில்.

தரூக் ஆலந்துறைக்காரன். ஐந்து துறைகளில் அதுதான் சிறியது. அவன் கொண்டுவந்தது ஆறே கப்பல். ஆனால் நீலக்கொடியை முதலில் ஏற்றுவது அவன் கப்பல்தான். தளபதியைக் கண்டதும் அவன் முகம் இறுகியது.

இருளாயி நூலேணியில் ஏறி வந்தாள். வணக்கம் சொல்லவில்லை. காற்றைப் பார்க்கவில்லை.

“இதால என்ன முடியாது?” என்றாள்.

தளபதி திடுக்கிட்டார். அவர் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே கத்தி உருவியிருப்பான் தரூக்.

தரூக் தலையைச் சொறிந்தான்.

“இடப்பக்கம் சீக்கிரம் திரும்பாது. பாரம் ஏத்தினா ரெண்டு பாக ஆழத்துக்குத் தண்ணி வேணும். பின்காத்து அடிச்சா வால் இழுத்துக்கிட்டுப் போகும். சுக்கான் கொஞ்சம் சிக்கும். எங்க தச்சன் ஒரு சோம்பேறி.”

“சரி.”

அதற்குப் பிறகு துறை வரும்வரை அவள் பேசியது ஏழு வார்த்தை.

அடுத்த கப்பலிலும் அதே கேள்விதான். அதற்கடுத்த கப்பலிலும் அதேதான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரியும் கப்பல் தலைவர்கள் எல்லாரும், வைத்தியரிடம் சொல்வதுபோலத் தங்கள் கப்பலின் குறைகளை அவளிடம் சொன்னார்கள். மறைத்தால் தரைதட்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மாலைக்குள் முப்பத்தெட்டுக் கப்பல் உள்ளே வந்துவிட்டன. மிச்சம் தளபதியின் நாட்டுப் பெருங்கப்பல்கள் மூன்று. மூன்றடுக்குப் பீரங்கி வைத்தவை. கூட்டுப்படைக்கே கர்வம் அவைதான்.

இருளாயி அவருடைய கப்பலில் ஏறினாள்.

“இதால என்ன முடியாது?”

அவருடைய மாலுமிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தளபதி தலையை நிமிர்த்தினார்.

“இதால முடியாததுன்னு ஒண்ணும் கிடையாது.”

அவள் நூலேணியை நோக்கி நடந்தாள்.

“எங்க போறீங்க?”

“வீட்டுக்கு. எல்லாம் முடியற கப்பலுக்கு நான் எதுக்கு? நீங்களே ஓட்டி வாங்க.”

*

மூன்று நாள் அந்த மூன்று கப்பல்களும் மணல்திட்டுக்கு வெளியே நின்று ஆடின.

துறைக்குள் மற்றவர்கள் நெல் ஏற்றினார்கள். குளித்தார்கள். கரையில் நின்று வெளியே பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். தீவில் இனிப் பதினேழு நாள் அரிசிதான் மீதி.

முதல் நாள் தளபதி அவளைத் திட்டினார். இரண்டாம் நாள் தானே ஓட்டிப் பார்த்தார். அடிப்பலகை மணலில் உரசிய சத்தம் கேட்டதும் நங்கூரத்தைப் போட்டார்.

மூன்றாம் நாள், வெயில் ஏறும் நேரத்தில், அறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்தார். அடியில் ஓர் ஓலை இருந்தது. யாருக்கும் அவர் காட்டாத ஓலை. அவருடைய ராஜா தன் கையாலேயே எழுதியது.

‘மூன்று பெருங்கப்பல்களும் வடுப்படாமல் திரும்பவேண்டும். அவற்றை முன்னால் விடாதே.’

இரண்டு முறையும் அவற்றைக் கடைசியில்தான் நிறுத்தினார். படை முழுவதும் கண்ணில் படவேண்டுமென்றால் தலைவன் பின்னால் நிற்கவேண்டும் என்று விளக்கம் சொன்னார். நல்ல விளக்கம்தான். சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார்.

நம்பினேனா, என்று தன்னையே கேட்டுக்கொண்டார். இல்லை. நம்பினால் வசதி என்று இருந்தேன். நாற்பத்தொரு கப்பலில் முதல் நீலக்கொடி என் பெட்டிக்குள் இருந்திருக்கிறது.

கொடிக்காரனைக் கூப்பிட்டு, வழிகாட்டியை அழைக்கும் கொடியை ஏற்றச் சொன்னார்.

இருளாயி வந்தாள். கேள்வி கேட்கவில்லை. நின்றாள்.

“வலப்பக்கம் திரும்ப நேரம் எடுக்கும்,” என்றார் தளபதி. “மேல்பாரம் அதிகம், பக்கக் காத்துல சாயும். மூணு பாகத் தண்ணி வேணும். அப்புறம் எங்க ராஜா ஓர் ஓலை...”

“தண்ணி எவ்வளவுன்னு சொன்னீங்களே, அது போதும்,” என்றாள் அவள். “மத்ததை ஏன் எங்கிட்ட சொல்றீங்க?”

*

துறையில் ஒரு நெல் கிடங்கு. ஐந்து துறைகளின் தலைவர்களும் ஓலையைக் காக்கும் ஓலைக்காரர்களும் மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு உத்தரவு வரப்போகிறது என்று நினைத்து, சிலர் நீலக்கொடியைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள்.

தளபதி தன் ஓலையை எடுத்து எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார்.

அவருக்குக் காது சுட்டது.

தரூக்தான் முதலில் வாயைத் திறந்தான்.

“இது எங்களுக்குத் தெரியுமே.”

“எப்படி?”

“ரெண்டு தடவை போனோம். ரெண்டு தடவையும் உங்க முதுகையா பார்த்தோம்? எங்க முதுகைத்தானே நீங்க பார்த்தீங்க. உங்களுக்கு இது தெரியுமான்னுதான் எங்களுக்குத் தெரியல.”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். தளபதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கொஞ்சம் தாமதமாக.

“சரி,” என்றார். “இன்னைக்கு உத்தரவு இல்லை. உங்க ஓலையில என்ன இருக்குன்னு சொல்லுங்க. எதைச் செய்யமாட்டீங்க?”

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதுவரை ஒருவரும் அதைக் கேட்டதில்லை. கொடி ஏறிய பிறகு அவர்கள்மேல் கோபித்துக்கொண்டதோடு சரி.

மேலைத்துறையின் ஓலைக்காரர், வயதான மனுஷர், தொண்டையைக் கனைத்தார். முதல் குண்டை எங்கள் கப்பல் சுடக்கூடாது, என்றார். சங்கத்துறைக்காரர்கள் பொழுது சாய்ந்தபின் சண்டையிடக் கூடாது. மணலூர்க் கப்பல்களுக்கு ஒன்றைவிட்டு ஒன்று பிரியக் கூடாது என்று கட்டளை.

“எங்களுக்கு நீரிணையோட கிழக்கு வாய்க்கால் ஆகாது,” என்றான் தரூக். “ஆழமில்லாத தண்ணி. எங்க ராஜாவோட அப்பா அங்கதான் ஏழு கப்பலை இழந்தார். அதுக்குள்ள போன்னு உத்தரவு வந்தா மறுக்கணும். இந்த ஒரே வரியைத்தான் எழுதிக் கொடுத்திருக்கார்.”

சுண்ணாம்புக்கட்டியால் தரையில் நீரிணையை வரைந்தார்கள். முடியாதவற்றை ஒவ்வொன்றாக அதில் வைத்துப் பார்த்தார்கள். பொழுது சாய்ந்தபின் சண்டை கூடாதென்றால் விடியற்காலையில் நுழையவேண்டும். பிரியக் கூடாதவர்கள் முன்னால் சுவர்போல நிற்கலாம். முதல் குண்டு சுடக்கூடாத மேலைத்துறைக்காரர்களை மேற்குப் பக்கம் விட்டால் எதிரிதான் முதலில் சுடுவான், அவனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. இது மேலைத்துறைப் பெரியவரே சொன்ன யோசனை. சொல்லும்போது அவர் முகத்தில் குறும்பு இருந்தது.

“பெருங்கப்பல்கள்?” என்று கேட்டான் தரூக். “வடுப்படாமத் திரும்பணுமே.”

தளபதி வரைபடத்தின் நடுவைப் பார்த்தார். நெல் கப்பல்கள் இருக்கவேண்டிய இடம் அது. படை முழுவதும் சுற்றிக் காக்கும் இடம்.

“அதோட பீரங்கியை இறக்கிடுவோம்,” என்றார். “நெல்லு மொத்தத்தையும் அதுல ஏத்துவோம்.”

மூன்றடுக்குப் பீரங்கிக் கப்பலை மூட்டை சுமக்க விடுவதென்றால் என்னவென்று அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

தரூக் எழுந்து நின்று, தளபதியின் கையிலிருந்து சுண்ணாம்புக்கட்டியை வாங்கினான். கிழக்கு வாய்க்காலின் வாசலுக்கு வெளியே ஆறு கோடு போட்டான்.

“நாங்க இங்க நிக்கறோம்,” என்றான். “வாசல்லதான். உள்ள இல்ல.”

*

பன்னிரண்டு நாள் அரிசி மீதமிருந்தபோது, விடியற்காலையில், நாற்பத்தொரு கப்பல்களும் இரட்டைப்பாறைக்குள் நுழைந்தன.

தளபதி நெல் மூட்டைகளுக்கு நடுவே நின்றார். சுடுவதற்கு அவரிடம் ஒரு பீரங்கிகூட இல்லை.

எதிரி முதல் குண்டைச் சுட்டான். மேலைத்துறைக்காரர்கள் அதற்காகவே காத்திருந்ததுபோலப் பதில் கொடுத்தார்கள். முன்னால் மணலூர்ச் சுவர் ஓர் இடத்திலும் பிளக்காமல் நகர்ந்தது. சூரியன் பாறைக்குமேல் வந்தபோது பாதி நீரிணையைக் கடந்திருந்தார்கள். நீலக்கொடி எங்கும் ஏறவில்லை. மறுப்பதற்கு உத்தரவு ஒன்றும் இல்லை.

அப்போதுதான் கிழக்கு வாய்க்காலின் மறுகோடியில் எட்டுப் பாய்கள் தெரிந்தன.

எதிரியின் சிறு கப்பல்கள். ஆழமில்லாத தண்ணீர் வழியாகச் சுற்றி, நெல்லை நேராகக் குறிவைத்து வந்தன. ஆனால் தரூக்கின் வாசலுக்கு அவை வரவில்லை. உள்ளே நின்றபடியே, மணல்மேட்டுக்குமேலாகத் தீப்பந்து எறிய ஆரம்பித்தன. முதல் பந்து பெருங்கப்பலுக்கு இருபது முழம் தள்ளித் தண்ணீரில் விழுந்து சீறியது. வாசலில் நின்ற தரூக்கின் குண்டுகள் அவற்றை எட்டவில்லை.

அவற்றைத் தடுக்கவேண்டுமென்றால் வாய்க்காலுக்குள் போகவேண்டும். போகக்கூடிய தூரத்தில் இருந்தவை அந்த ஆறு கப்பல்கள்தான்.

கொடிக்காரன் செங்கொடியைக் கயிற்றில் கோத்துவிட்டான்.

“ஏத்தட்டுமா ஐயா?”

இரண்டாவது பந்து பத்து முழத்தில் விழுந்தது.

தளபதி தரூக்கின் கப்பலைப் பார்த்தார். அங்கே தரூக்கும் இவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் அவனுடைய ஓலைக்காரர், கையில் நீலக்கொடியோடு.

கொடியை ஏற்றினால் அது உத்தரவு. ஏற்றாமல் விட்டால் நெல் எரியும், தீவு பணியும், காலத்துக்கும் அவர் பெயர் நாறும். முப்பது வருஷப் பழக்கம் அவர் கையைக் கயிற்றின் பக்கம் இழுத்தது.

“வேண்டாம்,” என்றார். “அவுத்துடு.”

கொடிக்காரன் அவரைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். ஆனாலும் அவிழ்த்தான்.

வெறும் கயிறு காற்றில் ஆடியது.

தரூக்கின் கப்பல் இடப்பக்கம் திரும்ப ஆரம்பித்தது. மெதுவாகத்தான் திரும்பியது. பின்னாலேயே மற்ற ஐந்தும் திரும்பின. ஒன்றின்பின் ஒன்றாக ஆறும் கிழக்கு வாய்க்காலுக்குள் நுழைந்தன.

*

மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எட்டில் ஐந்து எரிந்தன, மூன்று ஓடின. அவை ஓடுவதைக் கண்ட வடகரைப் படை நீரிணையைவிட்டே விலகிப்போனது. பூவந்தித் தீவின் கரையில் முரசு அடித்தார்கள். பெண்களும் கிழவர்களும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து, நெல் கொண்டுவந்த படகுகள் கரைதட்டும்வரைகூடப் பொறுக்காமல் மூட்டைகளை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு போனார்கள். யாரோ ஒரு மூட்டையைக் கடற்கரையிலேயே பிரித்து உலை வைத்துவிட்டார்கள். மூன்று பெருங்கப்பல்களிலும் ஒரு கீறல்கூட இல்லை.

தரூக்கின் கப்பல் கடைசியாக வந்தது. அடிப்பலகை இரண்டு உடைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது. மாலுமிகள் தண்ணீரை இறைத்துக் கொட்டியபடியே பாடிக்கொண்டிருந்தார்கள். ஓலைக்காரர் நீலக்கொடியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தளபதி முழங்கால் தண்ணீரில் இறங்கிப்போய், படகில் கரைக்கு வந்த தரூக்கின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“நான் உத்தரவே போடலியேப்பா.”

“நல்லவேளை,” என்றான் தரூக். “போட்டிருந்தா மறுத்திருப்போம்.”