நாமும் நாங்களும்

பெரு நாட்டின் மலைநகர் ஒன்றில் எர்மெலிந்தா என்ற பேராசிரியை இருந்தார். ஐரோப்பியச் சிந்தனையாளர்களின் கோட்பாடுகளைக் கற்பிப்பது அவருடைய வேலை. அவரிடம் எலெவுதேரியோ என்று ஒரு மாணவர். ஆசிரியையைவிட வயதில் மூத்தவர். தபால் அலுவலக வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவர். இருவருக்கும் தாய்மொழி கெச்சுவா. படித்ததும் எழுதியதும் ஸ்பானிய மொழியில்.

எலெவுதேரியோவின் கிராமத்தில் ஒருமுறை மலை சரிந்து பாதி வீடுகள் புதைந்தன. அவர் அப்போது நகரத்தில் இருந்தார். போகவில்லை. இப்போது அதைப் பற்றித்தான் ஆய்வேடு எழுதியிருந்தார். ஊர்த் திருவிழாவில் அம்மாவின் முன்னால் அதை வாசிக்க வேண்டும். வாசித்துவிட்டால் ஊர் தன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் என்று நம்பினார்.

"டீச்சர், ஜெர்மனியில் பிறந்த கோட்பாடு நம் ஊரைப் பற்றிப் பேசுமா?" என்று கேட்டார்.

ஆசிரியை ஆய்வேட்டைப் புரட்டினார்.

"முதல் பக்கத்திலேயே ஆறு ஜெர்மன்காரர்கள் நிற்கிறார்கள். உங்கள் அம்மா எங்கே?"

"கடைசி அத்தியாயத்தில் வருகிறார்."

"அதுவரை வெளியில் உட்கார்ந்திருக்கிறாரா?"

எலெவுதேரியோ சிரித்தார். ஆசிரியை சிரிக்கவில்லை.

"அம்மா சொன்னதை வாசியுங்கள். ஸ்பானிஷில் வேண்டாம். திருவிழாவில் எப்படி வாசிப்பீர்களோ அப்படி."

அவர் கெச்சுவாவில் மாற்றி வாசித்தார். "மலை சரிந்த அன்று நாம் கையாலேயே மண்ணைத் தோண்டினோம். துயரம்தான் 'நாம்' என்பதை உண்டாக்குகிறது என்று இந்த இடத்தில் கோட்பாடு..."

"நிறுத்துங்கள். அம்மா 'நாம்' என்றா சொன்னார்?"

தமிழைப் போலவே கெச்சுவாவிலும் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். விட்டுவிட்டால் நாங்கள். ஸ்பானிய மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

எலெவுதேரியோ தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்கள் என்றார்."

"யாரிடம் சொன்னார்?"

"என்னிடம்."

வெளியே ஒரு பஸ் மேட்டில் முனகிக்கொண்டு ஏறிப் போனது.

"தப்பு புத்தகத்தில்தான், டீச்சர்," என்றார் எலெவுதேரியோ. "ஜெர்மனிலும் ஒரே சொல். ஸ்பானிஷிலும் ஒரே சொல். அதில் எழுதப்போய்த்தான் நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் எரித்துவிட்டு ஊருக்கே போய்விடுகிறேன். அப்போது அம்மா என்னையும் சேர்த்துச் சொல்வார், இல்லையா?"

ஆசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நானும் ஒருமுறை அப்படித்தான் என் ஊருக்குப் போனேன். ஒரு புத்தகம்கூட எடுத்துக்கொள்ளாமல், இனி இங்கேதான் என்று போய் வாசலில் நின்றேன். என் அம்மா எட்டிப் பார்த்தார். 'வா, உட்காரு' என்றார். தண்ணீர் கொடுத்தார். பிறகு கேட்டார், 'உங்க ஊர்ல மழை உண்டா?'"