சிங்கம் பார்க்கப் போன கழுதைகள்

ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய வனவிலங்குப் பூங்கா. அதன் வேலிக்கு வெளியே பயணிகள் தங்கும் விடுதி ஒன்று இருந்தது. அந்த விடுதிக்குத் தண்ணீர் சுமந்தது பராக்கா என்ற கழுதை. அதன் மனைவி நீமாவும் குட்டி இமானியும் கூடவே இருந்தன.

தினமும் விடியும்போது பயணிகள் வண்டியேறிப் பூங்காவுக்குள் போவார்கள். மதியம் திரும்பி வந்து, "சிங்கம் பார்த்தோம்! கைக்கெட்டும் தூரத்தில்! எங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டது!" என்று குதிப்பார்கள். பராக்காவுக்கு வயிறு எரிந்தது. கடல் கடந்து வந்தவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். வேலியோரத்திலேயே பிறந்து வளர்ந்த தான் இன்னும் பார்க்கவில்லையே!

விடுதியின் வழிகாட்டி பயணிகளுக்கு யோசனை சொல்லும்போதெல்லாம், பராக்கா தண்ணீர்க் கேன்களோடு பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டது. கழுதைக்குக் காதுக்கா பஞ்சம்? பத்தே நாளில் எல்லாம் மனப்பாடம்.

"மழை விட்டு மூணு மாசம் ஆகட்டும், கிளம்பிடலாம்!" என்றது பராக்கா. "அப்போ புல்லெல்லாம் காய்ஞ்சு தரையோட கிடக்கும். யாரும் ஒளியவே முடியாது!"

"நாமளுமா?" என்று கேட்டது நீமா.

"குறுக்கே பேசாதே! விடியற்காலையில போகணும். அப்பத்தான் சிங்கம் சுறுசுறுப்பா இருக்கும். தண்ணீர்க் குட்டை ஓரமா நிக்கணும். கோடையில வேற எங்கேயும் தண்ணி கிடையாது. அது அங்கேதான் வந்தாகணும்!"

"ஏங்க, அவங்க எல்லாம் வண்டிக்குள்ள உட்கார்ந்துல்ல பார்க்கிறாங்க?"

"நடக்கச் சோம்பல்படறவங்களுக்கு வண்டி. நமக்குத்தான் நாலு கால் இருக்கே! இதுவரைக்கும் போனவங்க அத்தனை பேரும் முழுசாத் திரும்பி வந்திருக்காங்க. பார்க்க வர்றவங்களைச் சிங்கம் தொடாது!"

பிறகு குட்டியைக் கூப்பிட்டது. "இமானி, நல்லாக் கேட்டுக்கோ. சிங்கத்தைக் கண்டா சத்தம் போடக் கூடாது. ஓடக் கூடாது. நின்ன இடத்துல அப்படியே நிக்கணும். சரியா?"

"சரிப்பா!"

அன்றிலிருந்து இமானி அசையாமல் நிற்கப் பழகியது. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் தலையை ஆட்டவில்லை. பராக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று மாதம் போனது. யானைகள் சாய்த்துவிட்டுப் போன வேலியைத் தாண்டி மூன்றும் உள்ளே நுழைந்தன. நீமாவுக்கு மனமே இல்லை. ஆனாலும் குட்டியை விட்டுவிட்டு அது எப்படி வீட்டில் இருக்கும்?

குட்டையருகே எல்லாம் வழிகாட்டி சொன்னபடியே இருந்தது. புல் இல்லை. மறைவும் இல்லை. சற்றுத் தள்ளிப் பயணிகளின் வண்டிகள் இரண்டு நின்றன.

பெண் சிங்கம் ஒன்று வந்தது. விலா எலும்பு தெரிய மெலிந்திருந்தது. வண்டிகளை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கழுதைகளின் முன்னால் வந்து நின்றது.

"யார் நீங்க?"

"விருந்தாளிங்க! உங்களைப் பார்க்கத்தான் வந்திருக்கோம்!" என்றது பராக்கா, பல்லெல்லாம் தெரிய.

"சந்தோஷம்," என்றது சிங்கம். "என் குட்டிங்க நாலு நாளாப் பட்டினி. நல்லாப் பார்த்துக்கோங்க."

"ஓடு, இமானி! ஓடு!" என்று அலறிக்கொண்டே நீமா பாய்ந்தது. பராக்காவும் படித்த பாடத்தையெல்லாம் அந்த நொடியே மறந்துவிட்டு ஓடியது.

இமானி ஓடவில்லை. சத்தமும் போடவில்லை. அப்பா சொல்லிக் கொடுத்தபடி நின்ற இடத்திலேயே நின்றது.

மதியம் பயணிகள் விடுதிக்குத் திரும்பினார்கள். "இன்றைக்கு நமக்கு அதிர்ஷ்டம்! வேட்டையையே பார்த்துவிட்டோம்! பாவம், அந்தக் குட்டி அசையவே இல்லை!" என்று பேசிக்கொண்டார்கள். அவர்கள் குளிக்கத் தண்ணீர் கொண்டுவந்த பராக்கா வாசலில் நின்று அதைக் கேட்டது. கேட்காமல் இருக்க முடிந்திருந்தால் தேவலை என்று இருந்தது. யானைகள் சாய்த்த வேலியின் பக்கம் பார்த்தபடி நீமா நின்றது. அதற்குப் பிறகு அது பராக்காவோடு பேசவே இல்லை.

பத்திரமாக உட்கார்ந்திருப்பவனுக்குச் சொன்ன யோசனையை வெட்டவெளியில் நிற்பவன் எடுத்துக்கொண்டால், அவனை நம்பி வந்தவர்கள்தான் முதலில் அழிவார்கள்.